ஃபோல்ட் பண்ணுறது கோழைத்தனம் இல்லை

"வெல்ல விளையாடு, பிழைக்க விளையாடாதே." போக்கர் பற்றிக் கதைக்கிற இடமெல்லாம் இந்த வசனம் அடிபடும். சுற்றுப்போட்டியில் பரிசு எல்லை நெருங்க நெருங்க அதன் சத்தமும் கூடும். அந்த நேரத்தில் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு: "நிட்". பயந்தாங்கொள்ளி, கஞ்சன், விளையாடத் தெரியாதவன் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஓல்-இன் போட்டு வெளியே போனவனுக்கோ முதுகில் தட்டு: "பரவாயில்லை, துணிஞ்சு செத்தான்."

எங்களுக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. இந்த வீரக்கதை கணக்கில் பிழை. அதோட, யாருக்காக யார் இதைச் சொல்லுகினம் எண்டு பார்த்தால் இன்னும் பெரிய பிழை. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பம்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டெக்சஸ் ஹோல்டெம் சுற்றுப்போட்டியில் எல்லாரும் ஒரே நுழைவுக் கட்டணம் கட்டி, ஒரே அளவு சிப்போடு தொடங்குவார்கள். சிப் முடிந்தவர் வெளியே. கடைசியாக மிஞ்சுகிற ஒரு பகுதியினருக்கு மட்டும்தான் பரிசு. லாஸ் வேகாஸில் வருடாவருடம் நடக்கிற வேர்ல்ட் சீரிஸ் ஒஃப் போக்கரின் பிரதான போட்டியை எடுங்கோ. 2024இல் ஆளுக்கு 10,000 டொலர் கட்டி 10,112 பேர் விளையாடினார்கள். பரிசு 1,517 பேருக்கு. முதலிடத்துக்கு 10 மில்லியன் டொலர், 1,517ஆவது இடத்துக்கு 15,000 டொலர். 1,518ஆவதாக வெளியேறியவருக்குப் பரிசுத் தொகையில் ஒரு சதமும் இல்லை. நாட்கணக்கில் இருந்து விளையாடி, ஒரே ஒரு இடத்தால் வெறுங்கையோடு போகிற அந்த எல்லைக்குப் பெயர்தான் பபுள்.

எல்லை நெருங்கினதும் ஒரு விசேட விதி வரும். எல்லா மேசைகளும் ஒரே நேரத்தில் ஒரு கை மட்டும் விளையாடும். முடித்தவர்கள் மற்ற மேசைகள் முடியும்வரை சும்மா இருக்க வேண்டும். ஏன் இந்த விதி? இல்லாட்டி ஒவ்வொருவரும் நேரத்தை இழுத்து, வேறொரு மேசையில் ஆராவது விழட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நடத்துகிறவர்களே விதி போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்குக் காத்திருப்பதில் இலாபம் இருக்கிறது. இதை மட்டும் ஒரு நிமிடம் யோசித்தாலே "காத்திருக்கிறவன் கோழை" என்ற கதை ஆட்டம் காணும்.

துணிவுக் கதைகள் எங்கே நடந்தன?

போக்கர் எண்டதும் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது 2006இல் வந்த "கசினோ ரோயல்". ஜேம்ஸ் பொண்ட் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் முழுச் சிப்பையும் நடுவுக்குத் தள்ளுகிற காட்சி. படமாக நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தப் படத்துப் போட்டியின் ஒழுங்கைக் கவனித்தீர்களா? வென்றவருக்கே முழுப் பணமும். இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு எண்டு ஒன்றும் கிடையாது. அப்படியான போட்டியில் சிப் இரண்டு மடங்கானால் உங்கள் பங்கின் பெறுமதியும் சரியாக இரண்டு மடங்காகும். பிழைத்திருப்பதற்கெண்டு தனி விலை இல்லை. அதாவது, பொண்ட் துணிந்த இடத்தில் பபுளே இல்லை.

இன்னொரு கதை கிறிஸ் மணிமேக்கருடையது. இது கற்பனையில்லை. 86 டொலர் இணையவழித் தகுதிகாண் போட்டியொன்றில் இடம் பிடித்து, 2003இல் 839 பேர் விளையாடிய பிரதான போட்டியை வென்று 2.5 மில்லியன் டொலர் எடுத்த கணக்காளர். சாமி ஃபார்ஹாவுக்கு எதிராக ஒன்றுமேயில்லாத கையோடு அவர் போட்ட ஓல்-இன், போக்கர் வரலாற்றின் ஆகப் பிரபலமான ஏமாற்று. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறைக்கே "பயப்படாதே" எண்டு பாடம் எடுத்தார்கள். அந்த நேரம் மேசையில் எத்தனை பேர்? இரண்டே பேர். தோற்கிறவருக்கும் 1.3 மில்லியன் டொலர் உறுதி. இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய கட்டத்தில் மறுபடியும் சிப்பும் காசும் நேர்கோட்டில் போகும். இடையில் புகுந்து இலாபம் எடுக்க மூன்றாவது ஆள் இல்லை.

ஆக, துணிவுக்கு உதாரணம் காட்டப்படுகிற இரண்டு பெரிய கதைகளும் பபுள் இல்லாத இடத்தில் நடந்தவை. அந்தப் பாடத்தைக் கொண்டுவந்து பபுளில் பொருத்துவது, 20 ஓவர் போட்டியில் அடித்த மாதிரி டெஸ்ட் போட்டியின் கடைசி அரைமணித்தியாலத்தில் அடிக்கச் சொல்லுவதுபோல.

சிப் வேறு, காசு வேறு

இனிக் கணக்குக்கு வருவம். பிளைண்டை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கோ. நாலு பேர் மிஞ்சியிருக்கிறார்கள், மூன்று பேருக்குத்தான் பரிசு: 50, 30, 20 டொலர். நாலு பேரிடமும் தலா 2,500 சிப். எல்லாரும் சமம் என்பதால் ஒவ்வொருவருடைய பங்கும் 25 டொலர்.

இப்ப இரண்டு பேர் முழுச் சிப்பையும் வைத்து மோதுகிறார்கள். வென்றவரிடம் 5,000 சிப். சிப் இரண்டு மடங்கு, அப்ப காசும் 50 தானே? இல்லை. அவருடைய பங்கு 38.33 டொலர். ஏனென்றால் முதலாமிடம் இன்னும் உறுதியில்லை, வந்தாலும் 50க்கு மேல் கிடையாது. தோற்றவர் 25இலிருந்து பூச்சியத்துக்கு. மிச்சம் எங்கே போனது? சும்மா பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவரிடமும். அவர்களுடைய பங்கு 25இலிருந்து 30.83ஆக ஏறிவிட்டது. ஒரு சீட்டும் தொடாமல், ஆளுக்கு 5.83 டொலர் சம்பாத்தியம்.

இதுதான் விசயத்தின் மையம். பபுளில் இரண்டு பேர் மோதினால் அந்த இரண்டு பேரும் சேர்ந்து மற்றவர்களுக்குக் காசு கட்டுகிறார்கள். சரிபாதி வாய்ப்புள்ள மோதல் எண்டால், மோதுகிற ஒவ்வொருவருக்கும் நட்டம் 5.83, கையிலிருந்த 25இல் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. ஆகவே கோல் பண்ணுவதற்கு 50 வீத வாய்ப்புப் போதாது. 25ஐ 38.33ஆல் பிரியுங்கோ: 65 வீதத்துக்கு மேல் வேண்டும்.

65 வீதம் எவ்வளவு பெரிசு எண்டு விளங்க ஒரு உதாரணம். எதிரில் இருக்கிறவர் தன்னுடைய இரண்டு சீட்டையும் பார்க்காமலே ஓல்-இன் போடுகிறார் எண்டு வையுங்கோ. உங்கள் கையில் ஆறுச் சோடி. கண்ணை மூடிப் போட்ட கைக்கு எதிராக அது சுமார் 63 வீதம்தான் வெல்லும். ஃபோல்ட் பண்ண வேண்டும். ஏஸ்-குயின், வெவ்வேறு நிறம்? சுமார் 64. அதுவும் ஃபோல்ட். ஏழுச் சோடியில்தான் கோடு தாண்டும். 304 விளையாடி வளர்ந்த எங்கட கைகளுக்கு இது ஏறுவது கஷ்டம்தான். அங்கே துணிந்து கேட்டு விழுந்தால் அடுத்த கையில் எழும்பலாம். இங்கே விழுந்தால் வீட்டுக்கு.

இந்தக் கணக்கு முறைக்கு ஐ.சி.எம். எண்டு பெயர். இதன் அடி குதிரைப் பந்தயத்தில் இருக்கிறது. பல குதிரைகள் ஓடும்போது இரண்டாம், மூன்றாம் இடம் வருகிற நிகழ்தகவை எப்படிக் கணிப்பது எண்டு டேவிட் ஹார்வில் 1973இல் ஒரு ஆய்வுக்கட்டுரையில் சூத்திரம் கொடுத்தார். அதைப் போக்கர் சிப்புக்கு 1987இல் கொண்டுவந்தவர் மேசன் மல்முத். இன்றைக்கு ஒழுங்காகப் போக்கர் படிக்கிற எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. அதற்குப் பிறகும் வீரவசனம் ஓயவில்லை.

ஒரே 2,500 சிப், இரண்டு விலை

மேலே எல்லாரும் சமம். நிஜ மேசை அப்படி இருக்காது. இப்ப சிப்பை மாற்றுவம்: பெரிய ஆளிடம் 5,000, இரண்டாவது ஆளிடம் 2,500, மூன்றாவது ஆளிடம் 2,000, கடைசி ஆளிடம் 500. பரிசு அதே 50, 30, 20. ஐ.சி.எம். படி இவர்களுடைய பங்கு முறையே சுமார் 37.6, 28.7, 25.8, 7.9 டொலர்.

பெரிய ஆள் ஓல்-இன் போடுகிறார். இரண்டாவது ஆள் கோல் பண்ணுவதா? இரண்டு பேரும் பணயம் வைப்பது அதே 2,500 சிப். ஆனால் தோற்றால் பெரிய ஆள் இழப்பது 8.9 டொலர். இரண்டாவது ஆள் தோற்றால் இழப்பது முழு 28.7. மூன்று மடங்குக்கும் மேல். வென்றால் இரண்டாவது ஆளுக்குக் கூடுவதோ வெறும் 8.9. ஆகவே அவர் கோல் பண்ண 76 வீத வாய்ப்பு வேண்டும். பெரிய ஆள் சீட்டைப் பார்க்காமல் போட்டிருந்தால்கூட, பத்துச் சோடி சுமார் 75 வீதம்தான். மயிரிழையில் ஃபோல்ட். ஏஸ்-கிங் கிட்டவும் வராது.

இனி, "துணிஞ்சு" கோல் பண்ணித் தோற்றால் என்ன நடக்கும் எண்டு பாருங்கோ. 500 சிப்போடு மூலையில் இருந்த கடைசி ஆளின் பங்கு 7.9இலிருந்து 23.1 டொலராகும். மூன்று மடங்கு! அவர் செய்தது என்ன? இருந்தது. இரண்டாவது ஆளின் வீரத்துக்குக் கைதட்டுகிற மேசையில், அந்த வீரத்துக்கான காசு ஆருடைய சட்டைப் பைக்குள் போகிறது எண்டு ஒருத்தரும் சொல்லுவதில்லை.

பிளைண்டைத் திரும்பக் கொண்டுவந்தாலும் படம் தெளிவாகத்தான் இருக்கும். 50/100 பிளைண்ட் எண்டால் ஒரு சுற்றுக்கு 150 சிப் போகும். கடைசி ஆள் மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் மேலே தாக்குப்பிடிப்பார். இரண்டாவது ஆளுக்கோ பதினாறு சுற்றுக்குக் கையில் இருக்கிறது. நேரம் அவர் பக்கம். நேரம் தன் பக்கம் இருக்கும்போது அவசரப்படுகிறதுக்கு எந்த ஊரிலும் துணிவு எண்டு பெயர் இல்லை.

இதே கையைப் பெரிய ஆளின் கதிரையிலிருந்து பாருங்கோ. அவர் துணிந்தவராகத் தெரிகிறார், கையுக்குக் கை ரெய்ஸ் பண்ணுகிறார், மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள். அவருக்கு என்ன விசேட குணம் இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒரு தோல்வி அவரை வெளியே அனுப்பாது. அவ்வளவுதான். கதிரையை மாற்றிப் போட்டால் அதே ஆள் பத்துச் சோடியைக் கீழே வைத்துவிட்டு வியர்வை துடைப்பார். பபுளில் துணிவு என்பது மனதில் இருப்பதில்லை, முன்னால் அடுக்கியிருக்கிற சிப்பில் இருக்கிறது.

மறுப்புகள்

"ஐ.சி.எம். வெறும் மாதிரிதானே" எண்டு சொல்லுவார்கள். சரி, மாதிரிதான். ஆட்டக்காரர்களின் திறமையை அது எண்ணுவதில்லை, யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதையும் பார்ப்பதில்லை. பெரிய குவியல் கிடைத்தால் அடுத்த பத்துக் கைகளில் மற்றவர்களை மிரட்டலாம் என்ற வசதியையும் விட்டுவிடுகிறது. இதற்காக எல்லையைக் கொஞ்சம் தளர்த்தலாம் எண்டு நாங்களும் ஒத்துக்கொள்ளுறம். ஆனால் 76ஐக் கொஞ்சம் தளர்த்தினால் 50 வராது. அதோட, நீங்கள் உண்மையிலேயே மற்றவர்களைவிடத் திறமைசாலி எண்டால், சரிபாதி வாய்ப்பில் முழுவதையும் வைக்காமல் நல்ல சந்தர்ப்பத்துக்குக் காத்திருக்க உங்களுக்கு இன்னும் கூடக் காரணம் இருக்கிறது.

"எல்லாப் போட்டியிலும் இப்படியா?" எண்ட கேள்வி நியாயமானது. இல்லை. பபுளுக்குப் பபுள் அழுத்தம் வேறுபடும். 10,112 பேர் போட்டியில் 15,000 டொலர் கடைசிப் பரிசு, முதலிடத்தின் 10 மில்லியனுக்கு முன்னால் சின்னத் தொகை. அங்கே அழுத்தம் எங்கட நாலு பேர் உதாரணத்தைவிடக் குறைவு. மறு அந்தத்தில் இருப்பது தகுதிகாண் போட்டி. பத்துப் பேருக்கு ஒரே மாதிரி நுழைவுச் சீட்டு, பதினொரு பேர் மிஞ்சியிருக்கிறார்கள், உங்களிடம் போதிய சிப், இன்னொருவரிடம் ஒரு பிளைண்டுக்கும் காணாது. பெரிய ஆள் ஒருவர் ஓல்-இன் போட்டால், ஏஸ் சோடியைக்கூட ஃபோல்ட் பண்ண வேண்டும். ஆகச் சிறந்த கைதான், ஆனால் முதலாவதாக வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் கிடைப்பது அதே சீட்டு. வெல்வதற்கு அங்கே எதுவும் இல்லை, இழப்பதற்கு மட்டும் இருக்கிறது. "வெல்ல விளையாடு" எண்ட வசனத்தை அந்த மேசையில் சொல்லிப் பாருங்கோ.

அப்ப எல்லாத்தையும் ஃபோல்ட் பண்ணுறதா?

அதுவும் இல்லை. பரிசுக்குள் போகும்வரை சிப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிற ஆளுக்காக நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. எல்லாக் கையையும் விட்டால் பிளைண்டும் ஆன்டியும் சாப்பிட்டு முடித்துவிடும். பரிசுக்குள் போனாலும் கடைசிப் பரிசோடு அடுத்த பத்து நிமிடத்தில் எழும்ப வேண்டியதுதான்.

கணக்குச் சொல்லுவது வேறொன்று: முதலில் போடுவதும் போட்டதற்குக் கோல் பண்ணுவதும் ஒன்றில்லை. நீங்கள் முதலில் போட்டால், மற்றவர் ஃபோல்ட் பண்ணியும் வெல்லலாம், சீட்டைக் காட்டியும் வெல்லலாம். கோல் பண்ணினால் சீட்டு வென்றால்தான் உண்டு. டேவிட் ஸ்க்லான்ஸ்கி இந்த இடைவெளியைப் பற்றித்தான் எழுதினார்: ரெய்ஸ் பண்ணப் போதுமான கை, ரெய்ஸுக்குக் கோல் பண்ணப் போதாது. பபுளில் அந்த இடைவெளி பள்ளத்தாக்காகிறது. மற்றவர்களுக்கு 65, 76 வீதம் தேவைப்படுகிறது என்பதால்தான் உங்கள் ரெய்ஸ் வேலை செய்யும்.

ஆகவே நடுத்தரக் குவியல் உள்ளவர் பெரிய ஆளோடு மோதாமல் விலகி, தன்னைவிடச் சிறிய, ஆனால் இன்னும் இழக்க நிறைய உள்ள ஆள்மீது முதலில் போட வேண்டும். எங்கட உதாரணத்தில் அது 2,000 சிப் வைத்திருப்பவர். பெரிய ஆள் நடுத்தரங்களை நெருக்க வேண்டும், 500 சிப்காரரோடு கவனமாக இருக்க வேண்டும். அவருக்கு இழக்க அதிகம் இல்லை, கோல் பண்ணிவிடுவார். சின்ன ஆள் தன் சீட்டைப் பார்க்க முதல் மேசையைப் பார்க்க வேண்டும்: என்னைவிடச் சின்ன ஆள் யாராவது இருக்கிறாரா, அவருக்கு எப்ப பிளைண்ட் வருகிறது? வேறு யாரும் இல்லாவிட்டால் பிளைண்ட் தன்னைத் தின்ன முதல், கோல் பண்ணாமல் தானே முதலில் போட வேண்டும். ஒரே மேசை, ஒரே நிமிடம், மூன்று பேருக்கு மூன்று சரியான விடைகள். "பயப்படாதே" எண்ட ஒற்றை வசனத்துக்குள் இதில் எதை அடக்குவீர்கள்?

துணிவு யாருக்குக் கட்டுப்படியாகும்?

இனித்தான் எங்களுக்கு உண்மையாகக் கோபம் வருகிற இடம். ஐ.சி.எம். எண்ணுவது பரிசுக் காசை மட்டும். 15,000 டொலர் ஒருவருக்குச் சில்லறை, இன்னொருவருக்கு வருட வாடகை. அந்த வித்தியாசம் எந்தச் சூத்திரத்திலும் இல்லை. திரையில் துணிந்து விளையாடுகிற தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் தங்கள் நுழைவுக் கட்டணத்தின் பங்கை மற்றவர்களுக்கு விற்றுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். தோற்றால் நட்டம் பிரிந்து போகும். மறுநுழைவு அனுமதிக்கிற போட்டிகளில், காசுள்ளவர் தொடக்கத்தில் விழுந்தால் திரும்பக் கட்டி வருவார். அவர்களுடைய துணிவுக்குப் பின்னால் ஒரு மெத்தை இருக்கிறது. மெத்தை இல்லாதவனைப் பார்த்து "ஏன் குதிக்கிறாய் இல்லை" எண்டு கேட்பது அநியாயம். அவன் குதித்தால் இலாபம் மேசையில் மிஞ்சினவர்களுக்கு என்பதை மேலே கணக்காகவே பார்த்தோம். பயப்படாதே எண்டு உங்களுக்குச் சொல்லுகிறவருக்கு, நீங்கள் பயப்படாமல் இருப்பதால் காசு வருகிறது.

இதற்குள் ஆம்பிளைத்தனமும் கலந்து கிடக்கிறது. ஃபோல்ட் பண்ணுறவனைக் கேலி செய்கிற சொற்களை ஒருக்கா அடுக்கிப் பாருங்கோ, எல்லாமே "நீ ஆம்பிளையா?" எண்ட கேள்வியின் வேறு வேறு வடிவங்கள். கணக்குத் தெரிந்த ஆளைக் கணக்கால் வெல்ல முடியாதபோது, கூச்சப்பட வைத்துக் கோல் பண்ண வைக்கிற உத்தி அது. விளையாட்டு மேசைக்கு வெளியிலும் இந்த உத்தி எங்களுக்குப் பழக்கம்தானே.

இதைப் படித்துவிட்டுப் போய் விளையாடுங்கோ எண்டு நாங்கள் சொல்லவில்லை. 2024 பிரதான போட்டியில் 8,595 பேர் பரிசில்லாமல் போனார்கள். ஒவ்வொருவரும் கட்டிய 10,000 டொலரில் பரிசுக்குப் போனது 9,300, மிச்சம் நடத்துகிறவர்களுக்கு. வீடு முதலில் எடுத்துக்கொள்ளும், பிறகுதான் மற்றவர்கள் தங்களுக்குள் பிடுங்கிக்கொள்ளலாம். வாடகைக் காசோடு உட்காருகிற ஆளுக்குச் சரியான ஃபோல்ட், நுழைவுக் கட்டணம் கட்ட முதலே இருக்கிறது.

ஆனால் உட்கார்ந்தவரைக் கோழை எண்டு சொல்ல ஆருக்கும் உரிமை இல்லை. அடுத்த முறை அப்படியொரு வீடியோ வந்தால், ஓல்-இன் போடுகிறவரின் முகத்தைப் பார்க்காதீங்கோ. திரையின் ஓரத்தில் இருக்கிற சிப் எண்ணிக்கையைப் பாருங்கோ. யார் யாரை வெளியே அனுப்பலாம், இந்த மோதலில் சும்மா இருந்து சம்பாதிக்கிறது ஆர் எண்டு கேளுங்கோ. அதற்குப் பிறகும் அது வீரம் எண்டு தோன்றினால் கைதட்டுங்கோ.